மறதிக்காரியோடு ஆறு நாள்

தங்கை: பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை பாதியா வெட்டணுமா? ஏன்க்கா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?

அக்கா: கைப்பிடி எதுக்கு? பல்லு வாயிலதானே இருக்கு, முதுகுலயா இருக்கு?

தங்கை: எட்டு கிராம்! எட்டு கிராம் குறைஞ்சா சைக்கிள் பறக்கப் போகுதா?

அக்கா: எட்டு எட்டா சேர்ந்துதான் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்குப் பதிலா ஒரு லிட்டர் தண்ணி வைக்கலாம். பாலைவனத்துல நாக்கு ஒட்டிக்கிட்டா பிரஷ்ஷோட கைப்பிடியைத்தான் சப்பிக்கிட்டு இருப்பியா?

தங்கை: சரி, வெட்டித் தொலை. ஆனா உன்னோடதையும் வெட்டு.

அக்கா: என்னோடதைக் காலையிலேயே வெட்டியாச்சு. இந்தா பாரு.

தங்கை: ஐயோ... அதுல எப்படிக்கா தேய்ச்ச? விரலெல்லாம் வாய்க்குள்ள போயிருக்குமே!

மாமா: நகருங்க, நகருங்க. தராசு வருது.

தங்கை: என்ன மாமா இது, ஆட்டைத் தொங்கவிடற கொக்கி மாதிரி இருக்கு?

மாமா: எங்க ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். லிஃப்ட் சாமான் எடை போடறது. முந்நூறு கிலோ வரைக்கும் தாங்கும்.

தங்கை: அப்ப எட்டு கிராம் அதுல தெரியவே தெரியாது. அக்கா, என் பிரஷ்ஷைத் திருப்பிக் குடு.

அக்கா: வெட்டியாச்சு.

தங்கை: பாவி!

மாமா: சண்டையெல்லாம் அப்புறம். முதல்ல பையைத் தூக்கு மச்சினி... ஹேண்டில்ல மாட்டற பை, ரெண்டு கிலோ நானூறு. சீட்டுக்குப் பின்னாடி மாட்டறது... மூணு கிலோ நூறு. இதெல்லாம் நீயே தைச்சதா?

தங்கை: பின்ன? கார் சீட்டுக்குப் போடற அதே துணி, அதே நூல். யானை இழுத்தாலும் கிழியாது.

மாமா: தையல் அருமையாத்தான் இருக்கு. அதைவிட அருமை என்னன்னா, தைச்ச பையை எடுத்துட்டு வர மறக்காம வந்திருக்கே பாரு!

தங்கை: ஆரம்பிச்சாச்சா... மணி பன்னெண்டுகூட ஆகல.

மாமா: சும்மா சொல்லல. பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒருவாட்டி எண்ணிப் பாத்தியா? கை ரெண்டு, காலு ரெண்டு, பை நாலு...

அக்கா: ஏங்க, போதும்.

மாமா: டிரைவரம்மா ஏன் முறைக்கறாங்க? மச்சினியைக் கிண்டல் பண்ணாம வேற யாரைப் பண்ணுவேன்? உன்னைப் பண்ணினா ஆம்புலன்ஸ்ல ஏத்தி நீயே கொண்டுபோய்ப் போட்டுடுவ.

தங்கை: மாமாவுக்கு இன்னைக்கு வாய் ரொம்ப நீளுது. என்னமோ பயம் வந்திருக்கு.

மாமா: எனக்கென்ன பயம்? ஆறு நாள் நிம்மதி. வீட்ல சத்தம் இருக்காது. டிவி ரிமோட் என் கையில.

தங்கை: அதான் ராத்திரி முழுக்கத் தூங்காம லிஸ்ட் எழுதினீங்களாக்கும்?

மாமா: யாரு சொன்னா?

தங்கை: அக்காதான்.

மாமா: லிஸ்ட்டுங்கறது பயத்துல எழுதறது இல்ல. முறை. லிஃப்ட்ல ஒரு ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி நாங்க முப்பத்திரெண்டு டிக் போடுவோம். இதுலயும் முப்பத்திரெண்டு. உட்காருங்க ரெண்டு பேரும். ஒண்ணு... பாதை.

அக்கா: முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். ஆறு நாள். முதல் நாள் தார் ரோடு. ரெண்டாவது நாள் சரளைக்கல்லு, நடுநடுவுல மணல். மூணாவது நாள் காஞ்சுபோன ஏரி, அப்புறம் மணல்மேடு.

மாமா: தண்ணி?

அக்கா: ஆளுக்கு எட்டு லிட்டர். ரெண்டாவது நாள் சாயங்காலம் ரோடு போடறவங்க கொட்டகையில ஒரு தொட்டி இருக்கு. நாலாவது நாள் பழைய ரயில் ஸ்டேஷன்ல இன்னொண்ணு. ரெண்டு இடத்துக்கும் போன் பண்ணிக் கேட்டாச்சு. தண்ணி இருக்கு.

மாமா: தொட்டி காலியா இருந்தா?

அக்கா: திரும்பிடுவோம்.

மாமா: சத்தமா சொல்லு.

அக்கா: திரும்பிடுவோம்ங்க!

மாமா: இது நல்லா இருக்கு. மணல்ல?

தங்கை: டயர்ல காத்தைப் பாதியா இறக்கணும். அப்பதான் புதையாம போகும். ஏறவே முடியலன்னா இறங்கித் தள்ளணும்.

மாமா: அட, மச்சினிக்கு ஞாபகம் இருக்கே!

தங்கை: மாமா, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. அந்தக் கொக்கியில உங்களைத்தான் தொங்கவிடப் போறேன்.

மாமா: தொங்கவிட்டுட்டு இறக்க மறந்துடுவ. சரி, அடுத்தது. யார்கிட்ட எது இருக்கணும்னு இதுல தனியா எழுதியிருக்கேன். மருந்துப் பை... டிரைவரம்மா. உப்பு சர்க்கரைப் பாக்கெட்... டிரைவரம்மா. வரைபடம்... டிரைவரம்மா. ஆபத்து பட்டன்...

தங்கை: அது என்னது?

மாமா: இந்தா, தீப்பெட்டி சைஸ்ல. போன் எடுக்காத இடத்துல இதை அழுத்தினா போதும். நீங்க நிக்கற இடம் சாட்டிலைட் வழியா எனக்கு வந்துடும். டிரைவரம்மா.

தங்கை: என்கிட்ட என்ன இருக்கு?

மாமா: உன்கிட்ட... இரு, இரு. தொப்பி. நிலக்கடலை. பேரீச்சம்பழம். சோப்பு.

தங்கை: கடலையும் சோப்புமா?

மாமா: கடலையை மறந்தா யாரும் சாக மாட்டாங்க பாரு.

தங்கை: ஏன்க்கா, இந்த மனுஷனோட எப்படிக்கா இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின?

அக்கா: வண்டி ஓட்டற வேலை. பாதி நாள் வீட்ல இருக்க மாட்டேன்.

மாமா: அடுத்தது பத்தொம்பது. இதைப் படிக்கும்போது எல்லாரும் எழுந்து நிக்கணும்... பஞ்சர் டப்பா!

தங்கை: வந்துடுச்சுடா சாமி.

மாமா: எப்படி வராம இருக்கும்? நம்ம குடும்பச் சரித்திரம் ஆச்சே! பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே பாலைவனம், இதே ரெண்டு பொண்ணுங்க. மூணாவது நாள் காலையில எழுந்து பாத்தா டிரைவரம்மா சைக்கிள்ல காத்து இல்ல. நாலு ஓட்டை. சரி ஒட்டிக்கலாம்னா ஒட்டற டப்பா எங்கே? மச்சினிகிட்ட குடுத்திருந்தது. மச்சினி எங்கே வச்சா? அது அந்த ஆண்டவனுக்கே தெரியாது!

தங்கை: மாமா... ஒரு எழுத்து மாறாம எத்தனை தடவை சொல்வீங்க?

மாமா: உப்பு லாரில ஏறி வந்து தெருமுனையில இறங்கினீங்களே... தலை முதல் கால் வரைக்கும் உப்பு. ரெண்டு கருவாடு நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு. 'டப்பா எங்கே'ன்னு கேட்டா, 'மறந்துட்டேன் போல மாமா'ங்கற. வீட்ல தேடினோம், உன் தையல் கடையில தேடினோம். இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அதனால பத்தொம்பது... டிரைவரம்மா.

அக்கா: அது அவகிட்ட இருக்கட்டும்.

மாமா: எது?

அக்கா: பஞ்சர் டப்பா. அவ பையில இருக்கட்டும்.

மாமா: நல்லா இருக்கே கதை! ஓட்டைக் குடம்னு தெரிஞ்சும் அதுலயே தண்ணி ஊத்தறதா? அதுக்குப் பதிலா இங்கேயே நாலு ஓட்டையைப் போட்டு அனுப்பிடலாம்...

அக்கா: அவகிட்ட இருக்கட்டும்னு சொன்னேன்!

மாமா: சரி. டிரைவரம்மா சைரன் போட்டாச்சு. நான் ஓரமா ஒதுங்கிக்கறேன்.

அக்கா: கோவம் இல்லங்க. எப்பப் பாத்தாலும் அதையே சொல்லி... அவளும் மனுஷிதானே?

தங்கை: விடுக்கா. மாமா சொல்லலன்னா வேற யார் சொல்லப் போறா?

மாமா: இல்ல, இல்ல... தப்பு என்னோடதுதான். எழுதிக்கறேன். பத்தொம்பது... மச்சினி. போதுமா? பிரேக் ஒயர் ஒண்ணு கூடுதலா வேணும்னு சொன்னியே, நான் போய் வாங்கிட்டு வந்துடறேன். கடைக்காரர் ஒரு மணிக்கு மூடிடுவார்.

தங்கை: குடை எடுத்துட்டுப் போங்க மாமா. வெயில் கொளுத்துது.

மாமா: மச்சினி, இங்க வா... கதவு வரைக்கும்.

தங்கை: என்ன மாமா?

மாமா: உங்கக்கா ஓட்ட ஆரம்பிச்சா தண்ணி குடிக்க மாட்டா. வேலையிலயும் அப்படித்தான். யாரோ ஒருத்தர் பக்கத்துல இருந்து குடி, குடின்னு சொல்லணும்.

தங்கை: என்கிட்டயா சொல்றீங்க? நான்தான் மறந்துடுவேனே.

மாமா: ...மறக்காதே.

தங்கை: மறக்க மாட்டேன் மாமா. போயிட்டு வாங்க.

அக்கா: என்ன ரகசியம் பேசினார்?

தங்கை: உன்னை அங்கேயே விட்டுட்டு வரச் சொன்னார். ரிமோட் விஷயமாம்.

அக்கா: கதவைச் சாத்திட்டு வா.

தங்கை: ஏன், காத்து வரட்டுமே.

அக்கா: சாத்துடி.

தங்கை: சாத்தியாச்சு. என்ன, இன்னும் எதையாவது பாதியா வெட்டப் போறியா? சீப்பு? சோப்பு? என்னையேவா?

அக்கா: உட்காரு. நான் ஒண்ணு சொல்லணும்.

தங்கை: சொல்லு. கடலையை யார் திருடினதுன்னுதானே? நான்தான். ஒரு கைப்பிடி.

அக்கா: விளையாடாதே. அங்க போய்ச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன்... அங்க போய்ச் சொன்னா உனக்கு என்மேல எவ்வளவு கோவம் வந்தாலும் என்கூடத்தான் ஓட்டணும். வேற வழி இல்ல. அது நியாயமில்ல. அதான் இங்கேயே சொல்லிடறேன். கேட்டுட்டு, வரமாட்டேன்னா வராதே. டிக்கெட் போனாப் போகுது.

தங்கை: ஏய்... என்னக்கா? உடம்புக்கு ஏதாவது...?

அக்கா: உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இது வேற. அந்த டப்பா...

தங்கை: எந்த டப்பா?

அக்கா: நீ மறக்கல. நீ கொண்டு வந்திருந்த. உன் பையில, மேல் ஜிப்புல, தையல் ஊசி வச்சிருந்த துணிக்குப் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி நீ தூங்கினதுக்கு அப்புறம்... இரு, போன் அடிக்குது. அவர்தான்... ஹலோ. ம்... ம்... முன் சக்கரத்துக்கா பின் சக்கரத்துக்கான்னு கேட்கறீங்களா? ரெண்டுத்துக்கும் வர்ற மாதிரி நீளமா ஒண்ணு வாங்குங்க... ஆமா... என் குரலுக்கு என்ன? ஒண்ணுமில்ல. தும்மினேன்... சரி, சரி, நீலமோ சிவப்போ, எந்தக் கலரா இருந்தா என்ன... வைங்க.

தங்கை: பிரேக் ஒயர்ல கலர் கேட்கறாரா?

அக்கா: கேட்கறார்.

தங்கை: நல்ல மனுஷன். ம்... ராத்திரி, நான் தூங்கினதுக்கு அப்புறம்?

அக்கா: எடுத்துட்டுப் போய்ப் புதைச்சுட்டேன்.

தங்கை: ...எவ்வளவு ஆழம்?

அக்கா: என்னடி கேள்வி இது? முழங்கை அளவு. கையாலதான் தோண்டினேன். அப்புறம் உன் ஊசி ஒண்ணை எடுத்து என் டயர்ல குத்தினேன்.

தங்கை: மாத்து டியூப் ஒண்ணு வச்சிருந்தோமே?

அக்கா: அதுலயும் குத்தினேன்.

தங்கை: அதுலயுமா? ஆம்புலன்ஸ் டிரைவர்னா சும்மாவா! வேலை சுத்தம்.

அக்கா: சிரிக்காதடி, தயவுசெய்து!

தங்கை: சரி. சிரிக்கல. சொல்லு... ஏன்?

அக்கா: பயம்.

தங்கை: உனக்கா?

அக்கா: எனக்குத்தான். நடுரோட்ல, மழையில, பின்னாடி ஒருத்தன் மூச்சுக்குத் தவிக்கும்போது கை நடுங்காம ஓட்டறேனே, எனக்குத்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. எங்க ஓட்டினாலும் நான் ஒரு ஆஸ்பத்திரியைப் பாத்துத்தான் ஓட்டுவேன். காதுல ஒருத்தர் 'எங்க இருக்கீங்க, எத்தனை நிமிஷம்'னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அங்க... எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. ரெண்டாவது நாள் மத்தியானம் நீ காணாம போனியே, நாப்பது நிமிஷம்?

தங்கை: காணாம எங்க போனேன்? மணல்ல மாட்டிக்கிட்டேன். பின்னாடிதான் இருந்தேன்.

அக்கா: பின்னாடி இருந்தியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பாத்தா ஆளே இல்ல. கூப்பிட்டா என் குரலே எனக்குக் கேட்கல. அந்த நாப்பது நிமிஷத்துல மனசுக்குள்ளயே உன்னை எத்தனை தடவை வண்டியில ஏத்தி எங்கெங்கயோ ஓட்டினேன்னு எனக்குத்தான் தெரியும். ஏறின பிறகு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாத வண்டி. அப்புறம் பாத்தா, நீ பாட்டுக்கு மேட்டு மேல பாடிட்டு வர்ற!

தங்கை: பாடினேனா?

அக்கா: ஆமா. காத்துல இழுத்து இழுத்துக் கேட்டுச்சு.

தங்கை: ...தூரத்துல இருந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்.

அக்கா: என்ன?

தங்கை: ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

அக்கா: என்னத்தைச் சொல்ல? 'போதும்டி, திரும்பிடலாம்'னு ஒரு வார்த்தை. வாய் வரல. ஊர் முழுக்க 'எங்கக்காவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது'ன்னு நீதானே சொல்லிக்கிட்டுத் திரிவ? அந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? அதான் டயர் மேல பழியைப் போட்டுடலாம்னு நினைச்சேன். டயர் பழிதான் வரும்னு நினைச்சேன்டி, சத்தியமா. அது உன் தலையில விழும்னு நினைக்கல.

தங்கை: ம்.

அக்கா: திட்டிடு. எதையாவது எடுத்து அடி. 'ம்'னு சொல்லிக்கிட்டு இருக்காதே.

தங்கை: எனக்குத் தெரியும்க்கா.

அக்கா: என்ன தெரியும்?

தங்கை: நீதான்னு.

அக்கா: ...எப்ப இருந்து?

தங்கை: அன்னைக்குக் காலையிலேயே. டியூபைக் கழட்டினதே நான்தானே? நாலு ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சரியா ஒரு விரக்கடை. வரிசையா, கோடு போட்ட மாதிரி. முள்ளு அப்படி அளந்து அளந்தா குத்தும்? நான் தையல்காரிக்கா. என்கிட்டயே ஊசி வேலையைக் காட்டற.

அக்கா: கடவுளே...

தங்கை: மூணாவதுதான் கொஞ்சம் கோணல்.

அக்கா: தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இத்தனை வருஷம்...?

தங்கை: எழுந்திரு. எதுக்குத் தரையில உட்கார்ந்து அழற? தராசு மேல உட்கார்ந்திருக்கே பாரு, கொக்கி குத்தப் போகுது.

அக்கா: உனக்கு என்னென்ன போச்சுன்னு நான் எண்ணி வச்சிருக்கேன்டி. இந்த வீட்டுச் சாவி மாடி வீட்டுக்காரர்கிட்டகூட ஒண்ணு இருக்கு. உன்கிட்ட குடுக்கல. 'அவ தொலைச்சுடுவா'ன்னு. என் பசங்க சின்னதா இருக்கும்போது ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர உன்னை அனுப்பினதே இல்ல. 'மறந்துட்டா என்ன பண்றது'ன்னு. ஒவ்வொரு தடவையும் நான் அங்கேயேதான் நின்னுட்டு இருந்தேன். வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு.

தங்கை: அதுல லாபமும் இருந்துச்சுக்கா. ஒருத்தர் என்கிட்ட வேலை சொல்லல. கல்யாண வீட்ல எல்லாரும் ஓடிக்கிட்டு இருப்பீங்க. நான் நாற்காலியில உட்கார்ந்து காத்து வாங்குவேன்.

அக்கா: அப்பா விஷயமும் லாபமா? அந்தக் கடைசி வாரம். ஆஸ்பத்திரியில ராத்திரி தங்கறதுக்கு நீ கேட்ட. மூணு மணிக்கு ஒரு மாத்திரை, அஞ்சு மணிக்கு ஒரு ஊசி, நர்ஸைக் கூப்பிடணும்னு சொல்லி... 'நீ வேணாம், மறந்துடுவ'ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் தங்கினேன். ஏழு நாளும்.

தங்கை: அது மட்டும்... ஆமா. அது வலிச்சுது.

அக்கா: அவர் கடைசியா கேட்டது உன்னைத்தான். 'சின்னவ எங்கே'ன்னார்.

தங்கை: சொன்னியே.

அக்கா: சொன்னேன். ஆனா நீ ஏன் அங்க இல்லங்கறதை நான் சொல்லல. அன்னைக்காவது சொல்லியிருக்கணும். 'அவ மறக்கிறவ இல்ல, நான்தான் புதைச்சேன்'னு அந்த வராண்டாவுல நின்னு கத்தியிருக்கணும். பயந்தவன்னு பேர் வந்தா வந்துட்டுப் போகுது. முடியலடி. அப்பவும் முடியல.

தங்கை: இந்தா, மூக்கைத் துடை. அது சைக்கிள் துடைக்கிற துணி, அதை எடுக்காதே... இதுல துடை.

அக்கா: மூக்குல கிரீஸா?

தங்கை: மீசை மாதிரி இருக்கு. அழகாத்தான் இருக்கு.

அக்கா: இப்பச் சொல்லு. நீ வரமாட்டேன்னா எனக்குப் புரியும். அவர் வந்ததும் நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ வந்தாலும் சொல்லுவேன், வரலன்னாலும் சொல்லுவேன். அது முடிவு பண்ணியாச்சு.

தங்கை: மாமாகிட்டயா? லிஸ்ட்டையே கிழிச்சுடுவார். சோப்புகூட உன்கிட்ட தரமாட்டார்.

அக்கா: தரவேணாம். கடலையை நான் தூக்கிக்கறேன்.

தங்கை: கடலை என்னோடது.

அக்கா: அப்ப... வர்றியா?

தங்கை: வராம? நாலு பை தைச்சிருக்கேன். பிரஷ்ஷை வேற வெட்டிட்ட. இனிமே இதை வச்சுக்கிட்டு வீட்ல யார் பல்லு தேய்க்கறது?

அக்கா: உண்மையாவா?

தங்கை: ஆனா ஒண்ணு. இந்தத் தடவை பயம் வந்தா வாயால சொல்லணும். ஊசியால சொல்லக் கூடாது.

அக்கா: சொல்லுவேன். முதல் நாளே சொல்லுவேன் பாரு, பஸ்ஸைவிட்டு இறங்கினதுமே. இப்பவே பயமா இருக்கு.

தங்கை: எனக்கும்தான்.

அக்கா: உனக்கு என்ன? நீ மேட்டு மேல பாடறவ.

தங்கை: அந்தப் பையை இப்படித் தள்ளு, ஜிப்பை மூடறேன்.

அக்கா: இங்க பாரு... நீ எனக்குத் தங்கச்சி மாதிரி இல்ல, மூத்தவ மாதிரி நடந்துக்கிட்ட. தெரிஞ்சும் வாயைத் திறக்காம, அத்தனை கிண்டலையும் நீயே வாங்கிக்கிட்டு, என் மானத்தைக் காப்பாத்தியிருக்க. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? உன் கால்ல விழணும்டி நான்.

தங்கை: ஐயோ, வேணாம்க்கா. கையை எடு.

அக்கா: பன்னெண்டு வருஷம்! நானா இருந்தா பன்னெண்டு நாள் தாங்கியிருக்க மாட்டேன்.

தங்கை: காலை விடு. எனக்குக் கூசுது. அப்படியெல்லாம் பெரிய மனசு இல்ல எனக்கு.

அக்கா: பின்ன என்ன? உப்பு லாரியை விட்டு இறங்கினதுமே அவர் கேட்டார். என்னைக் காட்டிக் குடுக்க அப்பவே உனக்கு வழி இருந்துச்சு. நீயா 'மறந்துட்டேன் போல மாமா'ன்னு சொன்ன. யாரும் உன்னைச் சொல்ல வைக்கல.

தங்கை: வேற என்ன சொல்றது அப்ப?

அக்கா: சரி, அன்னைக்கு எனக்காகச் சொன்ன. அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப? அன்னைக்கு உனக்கே எரிஞ்சிருக்கும். 'நான் எதையும் மறக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ராத்திரி அப்பா பக்கத்துல நீ இருந்திருப்ப. அப்பவும் ஏன்டி வாயைத் திறக்கல?

தங்கை: திறந்திருந்தா இன்னொண்ணையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அக்கா: எதை?

தங்கை: மேட்டு மேல நான் பாடலக்கா... 'அம்மா, அம்மா'ன்னு அழுதுக்கிட்டு வந்தேன். உன்னை அடம்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதே நான். திரும்பிடலாம்னு எந்த வாயால கேட்கறது? நீ புதைச்சது ஒரு டப்பாதான். இன்னொண்ணு என் பைக்குள்ள இருந்துச்சு. உப்பு லாரி வர்ற வரைக்கும் அந்தப் பை மேலதான் உட்கார்ந்திருந்தேன்.